நாற்பத்தேழு புகாரும் அப்பாத்துரை டீக்கடையும்

பூவன்மடையில் ஒரே தெருவிளக்கை ஏழு முறை மாற்றினார்கள். ஏழு முறையும் அது நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு. அப்பாத்துரை டீக்கடைக்கு எதிரே நிற்கிற கம்பத்து விளக்கு அது. இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் யாரென்று கேட்டால், கீழத்தெரு வடிவம்மாளின் ஒரே மகள் முத்துராணி. அவள் எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவள். ஊருக்கு நல்லது செய்யப் போய்த்தான் இத்தனையும் நடந்தது.

பத்தமடையிலிருந்து ஆற்றோரமாக மேற்கே போனால் வருகிற ஊர் பூவன்மடை. வயல், வாழைத்தோட்டம், ஒரு பஜார், பஜார் முடிகிற இடத்தில் பேரூராட்சி அலுவலகம். முத்துராணியின் அப்பா இசக்கியப்பன் வாழைத்தார் சுமந்தவர். அவள் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் வடிவம்மாள்தான் நாற்று நட்டும் களை பறித்தும் மகளை இன்ஜினீயரிங் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். லேசுப்பட்ட மனுஷி இல்லை.

பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் ஏழாம் வகுப்பிலேயே அவளுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. கீழத்தெருவில் ரேஷன் கார்டா, முதியோர் பென்ஷனா, பட்டாவா, எதுவானாலும் "முத்துராணியக் கூப்பிடு" என்பார்கள். அவள் எழுதிய முதல் மனு ஓடைப்பாலத்துக்கு. ஊருக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. அதன்மேல் நான்கு கற்பலகைகள். ஒன்று உடைந்து விழுந்து, அந்த இடத்தில் தென்னந்தடியைப் போட்டு வைத்திருந்தார்கள். எழுபத்திரண்டு வீட்டுக்கும் அதுதான் வழி. மனுவுக்குப் பதில் வந்தது: 'ஆவன செய்யப்படும்.' அந்த ஆவன பத்தொன்பது வருஷமாக ஆகிக்கொண்டே இருந்தது.

படிப்பை முடித்ததும் முத்துராணி பெங்களூருக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் மளிகைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிற ஒரு கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர் நிற்கிற இடத்தைப் போன் தப்பில்லாமல் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவள் பிரிவு. அடுக்குமாடியில் எந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. கை நிறையச் சம்பளம், வாய் நிறைய இங்கிலீஷ், எட்டு வருஷம் ஓடியது.

போன வருஷத்து ஐப்பசி மழையில் வடிவம்மாள் கீரைக்கட்டோடு அந்தத் தென்னந்தடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். மகள் அடித்துப் பிடித்து வந்து பார்த்தாள். மாவுக்கட்டுக் கையைத் தொட்டிலில் பிள்ளையைப் போலத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா, "ஒண்ணுமில்லட்டி, சும்மா சுளுக்கு" என்று சிரித்தாள். முத்துராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எவனோ ஒருவன் வீட்டுக்குத் தயிர் பாக்கெட் வழி தவறாமல் போய்ச் சேர எட்டு வருஷம் மண்டையை உடைத்தாயிற்று. சொந்த அம்மா விழுந்த பாலம் எந்த வரைபடத்திலும் இல்லை! அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். வேலையை விட்டாள், ஊரோடு வந்தாள், ஆறு மாதம் வீட்டு நடையில் உட்கார்ந்து ஒரு செயலியைச் செய்து முடித்தாள். 'நம்ம தெரு' என்று பெயர் வைத்தாள்.

விஷயம் ரொம்ப எளிது. குறையைப் பார்த்தால் போனை எடுக்க வேண்டியது. எழுதினாலும் சரி, பேசினாலும் சரி, படம் பிடித்தாலும் சரி. கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினால், நாம் நிற்கிற இடத்தைப் போனே கண்டுபிடித்து ஊர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். பேரூராட்சியில் அதைப் பார்த்து ஆள் அனுப்புவார்கள். வேலை முடிந்தால் புள்ளி பச்சையாகும்.

செயல் அலுவலர் குமரகுருபரன் நெற்றியில் திருநீறும் சட்டையில் மடிப்பும் கலையாத மனிதர். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அவர் செயலியையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாப்பது நாள் பரீட்சார்த்தமா நடத்திப் பாப்போம்மா. அது மட்டுமில்ல, இந்த வருஷம் மழைக்கு முன்னால செய்ய ஒரே ஒரு வேலைக்குத்தான் நிதி இருக்கு. எந்த வேலைன்னு உன் வரைபடத்த வச்சே மன்றத்துல முடிவு பண்ணுவோம். எங்க புள்ளி அதிகமோ அங்க வேலை. எழுத்து மூலமாவே தந்திருதேன்."

முத்துராணிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. எழுபத்திரண்டு வீடு, எழுபத்திரண்டு புள்ளி, பாலம் வந்த மாதிரிதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரம் ஆயிற்று. அறுபத்தொரு புகார் வந்திருந்தது. அதில் நாற்பத்தேழு புள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அப்பாத்துரை டீக்கடை மேலேயே விழுந்து கிடந்தது.

"என்னம்மா இது? ஊர்ல உள்ள குப்பை, சாக்கடை, தெருநாய், எரியாத விளக்கு அம்புட்டும் அப்பாத்துரை கடையிலயா இருக்கு?" என்று கேட்டார் குமரகுருபரன். குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது இன்னும் மோசம்.

பக்கத்தில் துப்புரவு மேற்பார்வையாளர் மாடக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். ஆள் ஆறடி, பேச்சு அதைவிட நீளம்.

"நான் நாலு மட்டம் டிராக்டரோட போயிட்டேன் சார். அங்கன ஒரு துண்டுக் காயிதம் கெடக்கல. சும்மா திரும்ப மனசில்லாம ஒவ்வொரு மட்டமும் கூட்டிப் பெருக்கிட்டு வந்தேன். இப்ப அந்த எடத்துல எல போடாமலே சோறு திங்கலாம். நாய்க்கு ஊசி போடுத ஆளு வந்து, கடையில படுத்துக் கெடந்த கெழட்டு நாய்க்கு ரெண்டு மட்டம் போட்டுட்டுப் போயிட்டாரு. அது இப்ப வெள்ளச் சட்டையக் கண்டாலே ஓடுது சார்."

முத்துராணிக்கு முகம் செத்துப் போயிற்று. முதலில் செயற்கைக்கோளைச் சந்தேகப்பட்டாள், அப்புறம் போன்களை, அப்புறம் தன் மூளையை. ஒன்றிலும் தப்பு அகப்படவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு நேரே டீக்கடைக்கே போய்விட்டாள்.

"வா தாயி, வா. ஒன்னயத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் அப்பாத்துரை. ஒரு கையில் டீ ஆற்றிக்கொண்டே மறுகையால் கம்பத்தைக் காட்டினார். "எரியுத வெளக்க ஏழு மட்டம் மாத்திட்டானுவ. எட்டாவது மட்டம் ஏணியத் தூக்கிட்டு வந்தான்னா, கம்பத்தையே புடுங்கிட்டுப் போங்கலேன்னு சொல்லிருவேன், ஆமா."

"அண்ணாச்சி, எனக்கு ஒரு டீ குடுங்க. நான் பைய இந்த மூலையில இருக்கேன்" என்று முத்துராணி பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், எதிர்ச்சந்தில் தையல் கடை வைத்திருக்கிற கமர் நிஷா தூக்குவாளியோடு டீ வாங்க வந்தாள். வாளியைக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு வாறுகால் அடைச்சுச் சாக்கடைத் தண்ணி வாசலுக்கு ஏறுது. எழுதியிருக்கேன். படிக்கட்டா?"

பெஞ்சில் இருந்த நான்கு பேரும் பேப்பரை மடித்தார்கள். அவள் படித்தாள்.

"'உடனடியா'ன்னு ஒரு வார்த்தையப் போடும்மா" என்றார் ஒருவர்.

"'பணிவுடன்' எங்க?" என்றார் இன்னொருவர்.

"அம்புட்டுப் பணிவு ஆகாதுவே. பணிஞ்சா செய்யமாட்டானுவ" என்றார் மூன்றாமவர்.

கால் மணி நேரம் ஒரே விவாதம். கடைசியில் பணிவும் சேர்ந்தது, உடனடியும் சேர்ந்தது. அப்பாத்துரை தலையை ஆட்டினார். கமர் நிஷா அங்கேயே நின்று பொத்தானை அமுக்கினாள். முத்துராணியின் போனில், டீக்கடை மேல் நாற்பத்தெட்டாவது புள்ளி பூத்தது.

"நிஷாக்கா, வாறுகால் இருக்குறது ஒங்க சந்துல. அங்கன நின்னு போடலாம்லா?"

"நல்லா கேட்டே போ! அடைக்குதே பக்கத்து வீட்டுச் சோத்துத் தண்ணிதான். அந்த வீட்டு லாத்தா எந்நேரமும் வாசல்ல நிக்காவ. அவுக முன்னால போன நீட்டிப் படம் புடிச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச? அதுவும் போவ, நாலு பேர்ட்ட காட்டாம ஒரு மனுவ எப்படி அனுப்ப? தப்பாயிருந்தா?"

முத்துராணிக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இதே கடை, இதே பெஞ்சு. ஏழாம் வகுப்புப் பாவாடை சட்டையில் இங்கே உட்கார்ந்துதானே பாலத்து மனுவை எழுதினாள்? நான்கு பேர் ஆளுக்கொரு வரி சொன்னார்கள். அப்பா ஒரு வடை வாங்கிக் கொடுத்தார். நாலு பேர் பார்க்காமல் பூவன்மடையிலிருந்து ஒரு மனு வெளியே போனதாகச் சரித்திரம் உண்டா? அடுத்த வீட்டுக்காரன் பெயரே தெரியாமல் தனியாக நிற்கிற பெங்களூர்க்காரனுக்குச் செய்ததைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊர் முழுக்கச் சொந்தமும் மதினியுமாக இருக்கிற இடத்தில் வைத்தால் வேறு என்ன நடக்கும்? 'எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆடுனியேட்டி' என்று தன்னையே திட்டிக்கொண்டு, இரண்டாவது டீ சொன்னாள்.

ஊரைத் திருத்துகிற வேலை நமக்கு வேண்டாம், செயலியைத் திருத்துவோம் என்று தீர்மானித்தாள். எழுதி முடித்ததும் 'எங்கே?' என்று செயலி கேட்க வேண்டும். அதற்குக் கதவு எண், சர்வே எண் எல்லாம் சரிப்படாது. யாருக்குத் தெரியும் அது? ஊர் வாயில் என்ன பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரே வரிசையாக வர வேண்டும்.

மாடக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஊரை நடந்தே அளந்தாள். அவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று பெயர் சொல்ல, இவள் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டாள்.

"இது ஒத்தப்பனை முக்கு."

"பனை எங்கண்ணே?"

"பனை பாறி விழுந்து பதினஞ்சு வருசமாச்சு. இப்ப செல்போன் டவர்தான் நிக்கி. ஆனா முக்கு அதுதான். அந்தா, அது கம்பவுண்டர் வீடு."

"கம்பவுண்டர் இருக்காரா?"

"அவரு எப்பமோ தென்காசிக்குப் போயிட்டாரு. ஒனக்கு ஆளு வேணுமா, எடம் வேணுமா?"

நூற்றுப் பன்னிரண்டு பெயர் தேறியது. பிறகு நாற்பத்தெட்டுப் பேருக்கும் ஒருவர் விடாமல் போன் போட்டு, எந்த இடம் என்று கேட்டு, புள்ளிகளை டீக்கடையிலிருந்து கிளப்பி அதது வீட்டில் கொண்டுபோய் விட்டாள். மாடக்கண்ணு முதல் முறையாக, குப்பை இருக்கிற இடத்துக்கே டிராக்டரை ஓட்டினார். அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, என்னமோ புதையலைக் கண்டவர் மாதிரி!

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது. முப்பத்தெட்டாம் நாள் குமரகுருபரன் வரைபடத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப நல்லா தெளிவா இருக்கும்மா. பஜார் வாறுகாலுக்குத்தான் ஆக அதிகம், பத்தொன்பது. கீழத்தெருவுல ஒண்ணுகூட இல்லையே?"

"சார், அங்க அந்தப் பாலம்..."

"எனக்குத் தெரியாதா? நானே அதுல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, சாமியக் கும்பிட்டுக்கிட்டுத்தான் போறேன். ஆனா புள்ளிய வச்சு முடிவுன்னு எழுதிக் குடுத்தது நான். நாளை மறுநாள் மன்றக் கூட்டம். நீ ஒருத்தியே போட்டா, தன் தெருவுக்குத் தானே போட்டுக்கிட்டான்னு பேச்சு வரும். அங்க உள்ள ஜனங்க போடணும். ஏன் போடல?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு முத்துராணி வீட்டுக்கு வந்தாள். பாலம் போனால் போகட்டும் என்று விட முடியுமா? இந்தச் செயலி பிறந்ததே அதற்காகத்தானே? இந்த வருஷம் தவறினால் அம்மா இன்னொரு ஐப்பசியும் அந்தத் தென்னந்தடியில் நடக்க வேண்டும்.

வடிவம்மாள் நடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நம்ம தெருவுல போன் இல்லாத வீடு உண்டா?"

"எந்த வீட்டுல இல்ல? கோமு வீட்டுல மூணு கெடக்கு."

"பின்ன ஏன் ஒருத்தருமே பாலத்தப் பத்திப் போடல?"

வடிவம்மாள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. குரலைத் தாழ்த்தினாள். "போடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"என்னது?"

"பின்ன? நீ பண்ணுன ஆப்புல போயி நம்ம தெருக்காரங்களே கொற சொன்னா ஒனக்குல்லா கெட்ட பேரு? சொந்தத் தெருவே இம்புட்டுக் கொற சொல்லுதே, இந்தப் பிள்ள என்னத்தப் பண்ணிக் கிழிச்சான்னு ஆபீசர் கேக்க மாட்டாரா? அதான் வீடு வீடாப் போயிச் சொன்னேன். எம் மக ஆப்புல ஒருத்தரும் ஒரு கொற சொல்லப்படாது, சொன்னா நான் பேசமாட்டேன்னு. எல்லாரும் சரின்னுட்டாவ. இந்தக் கோமுதான் ஒருநா பாலத்துல நின்னு போன நீட்டுனா. நான் ஓடிப் போயி வெடுக்குன்னு புடுங்கிட்டேன்."

முத்துராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அதற்கு முன்னால் கண்ணீர் வந்தது. ஒடிந்து கூடிய கை இன்னும் குளிருக்கு வலிக்கிறது. அந்தக் கையோடு தினம் அந்தப் பாலத்தில் போய்க்கொண்டு, மகள் பெயர் கெடக்கூடாது என்று ஒரு தெருவின் வாயையே பூட்டி வைத்திருக்கிறாள்! இந்தப் பாசத்தை என்ன செய்வது, சொல்லுங்கள். திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது.

"யம்மா, கொற வந்தாத்தான் எனக்கு நல்ல பேரு. வரலன்னாத்தான் நான் தோத்தேன்."

"என்னட்டி கூத்தா இருக்கு? கொற சொன்னா நல்ல பேரா?"

"கை ஒடிஞ்சப்ப டாக்டர்ட்ட போயி, எனக்கு ஒரு வலியும் இல்ல, நீங்க நல்ல டாக்டருன்னு சொல்லியிருந்தா அவரு கட்டுப் போட்டிருப்பாரா?"

வடிவம்மாள் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"சவத்த, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கப்படாதா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "ஏ கோமு! போன எடுட்டி! எல்லாரும் கொற சொல்லுங்க, நல்லா சொல்லுங்க!"

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கீழத்தெரு ஓடைப்பாலத்தில் ஐம்பத்து நான்கு புள்ளி ஏறியிருந்தது.

மன்றக் கூட்டத்தில் பஜார் வார்டு உறுப்பினர் எழுந்தார். அவர் பத்தொன்பது புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு தைரியமாக வந்தவர்.

"முப்பத்தெட்டு நாளா ஒரு சத்தமும் இல்ல, ஒரே சாயங்காலத்துல அம்பத்து நாலா? இது அந்தப் பிள்ள சொல்லி வச்சுப் போட்டதுதான். எனக்கென்ன புரியாதா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்துராணி எழுந்திருக்கப் போனாள். குமரகுருபரன் அவளைக் கையமர்த்தினார். போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஐம்பத்து நான்கில் முதல் புகாரை ஓடவிட்டார்.

"ஐயா, நான் கீழத்தெரு வடிவம்மா பேசுதேன். இத்தன நாளா எங்க தெருவுல ஒருத்தரும் கொற சொல்லாததுக்கு நான்தான் காரணம். எம் மகளுக்குக் கெட்ட பேரு வந்துரும்னு எல்லாரு வாயையும் நான்தான் கட்டி வச்சேன். தப்புத்தான். இந்தப் பாலத்துல நடந்துதான் எம் மக படிச்சா. எங்க வீட்டுக்காரர இதுவழியாத்தான் தூக்கிட்டுப் போனோம், அன்னைக்கும் பலகை ஆடிச்சு. இதுலதான் நான் கை ஒடிஞ்சேன். எம் மக ஆப்புல ஒரு கொறையும் இல்லய்யா. கொற பாலத்துலதான் இருக்கு."

பஜார் வார்டு உறுப்பினர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாறுகாலை அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்றார். "மொதல்ல அந்தப் பாலத்தப் போடுங்க."

புரட்டாசி கடைசியில் கான்கிரீட் பாலம் வந்தது. ஐம்பத்து நான்கு புள்ளியையும் பச்சையாக்கும் பொத்தானை நான்தான் அமுக்குவேன் என்று மாடக்கண்ணு அடம்பிடித்து அமுக்கினார். ஐப்பசி மழை கொட்டிய முதல் நாள் வடிவம்மாள் வேலை ஒன்றும் இல்லாமலே இரண்டு தடவை பாலத்தைக் கடந்து போய்விட்டு வந்தாள்.

இப்போது இன்னும் நான்கு பேரூராட்சிகள் 'நம்ம தெரு' வேண்டும் என்று கேட்டிருக்கின்றன. முத்துராணி தன் அலுவலகத்தை அப்பாத்துரை கடை மூலை பெஞ்சுக்கே மாற்றிக்கொண்டாள். புது ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. வடிவம்மாளுக்கோ குறை சொல்வதில் ருசி கண்டுவிட்டது. குழாய், விளக்கு, பஸ் நிற்காமல் போவது என்று நாளுக்கொன்றாவது போடாவிட்டால் அவளுக்குப் பொழுது போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு டீக்கடை வாசலில் டிராக்டர் வந்து நின்றது. அப்பாத்துரை பதறிப்போய்க் கம்பத்தைப் பார்த்தார்.

"ஏலே மாடக்கண்ணு, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியளா? எங்கடையில என்னலே குப்பை?"

மாடக்கண்ணு இறங்கவே இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்: "குறை: எம் மக மணி மூணாகியும் சோறு திங்க வரல. இடம்: அப்பாத்துரை டீக்கடை. உடனடியாக நடவடிக்கை எடுக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்ளுதேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் முத்துராணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மட்டம் புள்ளி சரியாத்தான் விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றார் மாடக்கண்ணு. "ஏ பிள்ள, எந்தி. ஒன்ன அப்புறப்படுத்தாம நான் போமாட்டேன்."

முத்துராணி லேப்டாப்பை மூடிக்கொண்டு டிராக்டரில் ஏறினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலில் இறங்கும்போதே அம்மா போனில் பச்சை விழுந்துவிட்டது.